பெட்டாலிங் ஜெயாவின் குளக்கரைப் பெற்றோர்

பெட்டாலிங் ஜெயாவில் போட்டி நீச்சல் வளர்ந்த கதையைக் குளங்களை வைத்தும் சொல்லலாம், பதக்கங்களை வைத்தும் சொல்லலாம். இரண்டுக்கும் அடியில் கிடப்பது குடும்பங்களின் கதை. மலேசிய அரசுப் பள்ளிகளில் நீச்சல் குளம் இருப்பது அரிது. பள்ளிகளுக்கிடையே நீச்சல் போட்டி உண்டு. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிகளும் உண்டு. ஆனால் அந்தப் போட்டியில் குதிமேடை ஏறும் பிள்ளையைப் பழக்கியது பள்ளிக்கு வெளியே இயங்கும் ஒரு கிளப். அந்தக் கிளப்போ பெரும்பாலும் ஒரு கோச், மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த சில நீச்சல் தடங்கள், சில பத்துப் பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர், இவ்வளவுதான். இதில் பெற்றோரை எடுத்துவிட்டால் மற்றவை ஒரு மாதம்கூடத் தாங்காது.

கோலாலம்பூரையும் பெட்டாலிங் ஜெயாவையும் உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் கிளப் என்ற அமைப்பு ஆங்கிலேயர் காலத்திலேயே வந்துவிட்டது. 1884இல் சிலாங்கூர் கிளப் தொடங்கியது. அங்கே சில ஆசியர்களுக்கும் இடம் இருந்தது, தமிழ்ச் சமூகத் தலைவர் கே. தம்புசாமி பிள்ளை அதன் தொடக்ககால உறுப்பினர்களில் ஒருவர். அந்தக் கலப்பு பிடிக்காத ஐரோப்பியர்கள் 1890இல் தங்களுக்கென லேக் கிளப்பை அமைத்துக்கொண்டார்கள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நீச்சலுக்கென்றே உருவான சங்கங்களும் இதே வழியில் சென்றன. 1894இல் தோன்றிய சிங்கப்பூர் நீச்சல் கிளப்பும் 1903இல் தோன்றிய பினாங்கு நீச்சல் கிளப்பும் வெள்ளைக்காரர்களுக்கானவை. சீனர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுத் தங்களுக்கெனத் தனி நீச்சல் கிளப்புகளைக் கட்டினார்கள். வேலி எவ்வளவு உயரமாக இருந்தது என்பதை 1952இல் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டும். லேக் கிளப்பில் நடந்த ஒரு விருந்துக்குச் சிலாங்கூர் சுல்தானையே விருந்தினராக அனுமதிக்க அந்தக் கிளப் மறுத்தது. உயர் ஆணையராக இருந்த ஜெரால்ட் டெம்ப்ளர் சினந்து தலையிட வேண்டியிருந்தது. சுல்தானுக்கே அந்த நிலை என்றால், பால்மரம் வெட்டும் தொழிலாளியின் பிள்ளை அந்த வாசலை எட்டிப்பார்த்திருக்கவும் முடியாது.

தமிழ்ப் பிள்ளைகள் நீந்தாமல் இல்லை. தோட்டப்புறத்து ஆறுகளிலும் வாய்க்கால்களிலும், ஈயம் தோண்டி முடித்துக் கைவிடப்பட்ட குட்டைகளிலும் நீந்தினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் அப்படிப்பட்ட ஈயக்குட்டைகள் நிறைந்திருந்தன. இன்று கெளானா ஜெயாவிலும் சன்வேயிலும் அழகுபடுத்தப்பட்டு நிற்கும் ஏரிகள் பல அந்தக் காலத்துச் சுரங்கக் குழிகளே. கரையோரம் முழங்கால் அளவாக இருக்கும் நீர் இரண்டடி தள்ளினால் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். அங்கே போன பிள்ளைகளில் வீடு திரும்பாதவர்கள் உண்டு. ஆகவே தோட்டத்துத் தாய்மாருக்கு நீச்சல் என்பது பிள்ளைக்குக் கற்றுத்தர வேண்டிய கலையாகத் தெரியவில்லை. பிள்ளையை விலக்கி வைக்க வேண்டிய ஆபத்தாகவே தெரிந்தது. 'தண்ணிப் பக்கம் போகாதே' என்ற அந்த எச்சரிக்கை நகரத்துக்குக் குடிவந்த பிறகும் ஒரு தலைமுறை வரை வீடுகளில் ஒலித்தது.

விளையாட்டில் தமிழர்கள் பின்தங்கியதால் வந்த நிலை அல்ல இது. தமிழர் உடற்பயிற்சிச் சங்கம் 1914 முதல் கோலாலம்பூரில் இயங்கியது. தடகளத்தில் மணி ஜெகதீசன் 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். எம். ராஜமணி அதே போட்டியில் 400 மீட்டர் தங்கத்தை வென்றார். ஹாக்கியிலும் காற்பந்திலும் தமிழ்ப் பெயர் இல்லாத தேசிய அணியை அந்த நாளில் காண்பது கடினம். ஓடுவதற்கும் பந்தாடுவதற்கும் பள்ளித் திடல் இருந்தது. திடல் எல்லோருக்கும் பொது. நீச்சலுக்கோ வேலிக்குள் இருந்த குளம் வேண்டும். மலேசியத் தமிழரின் விளையாட்டு வரலாறு ஏன் தரையிலேயே எழுதப்பட்டது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேறில்லை.

டெம்ப்ளர் லேக் கிளப்பைக் கண்டித்த அதே ஆண்டில் பெட்டாலிங் ஜெயா உருவாகத் தொடங்கியது. கம்யூனிஸ்டு கிளர்ச்சியை ஒடுக்க அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தின்போது கோலாலம்பூரில் குவிந்துவிட்ட மக்களைக் குடியமர்த்த, எஃபிங்காம் என்ற ரப்பர் தோட்டத்தின் நிலத்தில் இந்தத் துணைநகரம் எழுந்தது. முதலில் சிறு வீடுகளின் வரிசைகள். பிறகு தொழிற்சாலைகள், பல்கலைக்கழகத்தின் அண்மை, கூட்டரசு நெடுஞ்சாலை. ஆசிரியர்கள், அரசு எழுத்தர்கள், தாதியர், தொழில்நுட்பர்கள் என மாதச் சம்பளக் குடும்பங்கள் எல்லா இனங்களிலிருந்தும் வந்து சேர்ந்தன. தமிழர்களும் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வந்தார்கள். கிளப் நீச்சலுக்கு வேண்டிய குடும்ப வகை இங்கேதான் உருவானது. பெரிய பணக்காரக் குடும்பங்கள் அல்ல. ஆனால் ஒரு கார், ஒழுங்கான வேலை நேரம், பிள்ளையை ஏதேனும் ஒன்றில் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற வேட்கை ஆகியவை உள்ளவை.

குளங்கள் மெல்ல மெல்லப் பொதுவாயின. 1921இல் தொடங்கிய சிலாங்கூர் சின் வூ விளையாட்டுச் சங்கத்தின் அரங்கம் பெட்டாலிங் ஸ்ட்ரீட்டை அடுத்த குன்றின்மேல் 1953இல் திறக்கப்பட்டது. அங்கே உள்ள குளத்தில் கட்டணம் செலுத்தி யாரும் இறங்கலாம். கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் நகராட்சிக் குளங்கள் வந்தன. பங்சார் விளையாட்டு வளாகம் போன்றவை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதல் பள்ளியாயின. பொதுக்குளத்தில் ஒரு சில தடங்களைக் கயிறு கட்டிப் பிரித்து ஒரு கோச் பயிற்சி தருவது, மற்றத் தடங்களில் ஊரார் நீந்துவது என்ற ஏற்பாடு அங்கிருந்துதான் பரவியது. இன்றும் அதுவே நடைமுறை.

இந்த ஏற்பாட்டுக்குள் வந்து பொருந்தியது வயதுப் பிரிவு நீச்சல். பிள்ளைகளைப் பெரியவர்களோடு மோதவிடாமல் தம் வயதினரோடு மட்டும் போட்டியிடச் செய்யும் முறை அமெரிக்காவில் 1950களின் தொடக்கத்தில் நிலைபெற்று உலகெங்கும் சென்றது. அதன் விளைவு மிகப் பெரியது. எட்டு வயதுப் பிள்ளைக்கும் போட்டி உண்டு, நேரம் உண்டு, தரவரிசை உண்டு. எட்டு வயதுப் பிள்ளை தானாகக் குளத்துக்கு வர முடியாது. யாராவது கொண்டுவர வேண்டும், காத்திருக்க வேண்டும், அழைத்துப் போக வேண்டும். பெற்றோர் இந்த விளையாட்டின் உறுப்பாக மாறியது அந்த மாற்றத்தால்தான். மலேசியாவில் பள்ளி விளையாட்டு மன்றப் போட்டிகளும், 1986இல் தொடங்கிய, மாநிலங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டியான சுக்மாவும், தேசிய நீச்சல் சங்கத்தின் வயதுப் பிரிவுப் போட்டிகளும் இந்த ஏணியின் படிகளாயின.

பெற்றோர் வெறும் ஓட்டுநர்களாக நின்றுவிடவில்லை. ஒரு போட்டியை நடத்த எத்தனை கைகள் வேண்டும் என்று பார்த்தால் அது விளங்கும். மின்னணுத் தொடுபலகை 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கிலேயே வந்துவிட்டது. ஆனால் கிளப் அளவிலான போட்டிகளில் நெடுங்காலம் ஸ்டாப் வாட்ச்சே ஆட்சி செய்தது. விதிப்படி ஒரு தடத்துக்கு மூன்று நேரக்காப்பாளர்கள். மூவரில் இருவர் ஒரே நேரத்தைக் காட்டினால் அதுவே அதிகாரப்பூர்வ நேரம்; மூவரும் வேறுபட்டால் நடுவில் உள்ளதை எடுக்க வேண்டும். எட்டுத் தடக் குளத்துக்கு இருபத்து நான்கு பேர். இதற்கு மேல் திருப்பத்தைக் கவனிப்பவர்கள், நீச்சல் பாணியை மேற்பார்ப்பவர்கள், பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்து வரிசையில் நிறுத்துபவர்கள், முடிவுகளை எழுதுபவர்கள். சம்பளம் கொடுத்து இத்தனை பேரை எந்தக் கிளப்பும் வைத்திருக்க இயலாது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாக வெயிலில் நின்று கடிகாரத்தை அழுத்தியவர்கள் அம்மாக்களும் அப்பாக்களும்தான். தன் பிள்ளையின் தடத்தில் மட்டும் நிற்கக்கூடாது என்பது பல இடங்களில் எழுதப்படாத ஒழுங்கு. பட்டர்ஃபிளையிலும் தவளை நீச்சலிலும் சுவரை இரு கையாலும் ஒருசேரத் தொட வேண்டும் என்பதை வாழ்நாளில் ஒருமுறைகூட அப்படி நீந்தியிராத ஒரு தாய் பிழையறச் சொல்லக்கூடிய இடம் அது. தேர்வு எழுதி முறையான நடுவர்களாக உயர்ந்த பெற்றோர்களும் உண்டு. பிள்ளை நீச்சலை விட்ட பிறகும் வெள்ளைச் சட்டையோடு குளக்கரையில் தொடர்ந்தவர்கள் இல்லாமல் மலேசிய நீச்சல் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

1985 டிசம்பரில் பாங்காக்கில் நடந்த சீ எனப்படும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி பல குடும்பங்களின் எண்ணத்தை மாற்றியது. நூருல் ஹுடா அப்துல்லா அப்போது பதின்மூன்று வயதுச் சிறுமி. ஏழு தங்கம் வென்றார். அடுத்த ஆண்டு சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இரண்டு வெள்ளியும் இரண்டு வெண்கலமும். 1989 வரை மூன்று சீ போட்டிகளில் அவர் சேர்த்த தங்கம் 22. பதின்ம வயதைத் தொட்டும் தொடாத ஒரு பெண் நாட்டின் மிகப் பெரிய விளையாட்டு நட்சத்திரமாக முடியும் என்பதை மலேசியப் பெற்றோர் முதன்முறையாகக் கண்டார்கள். அதன் மறுபக்கத்தையும் பார்த்தார்கள்: இருபது வயதை எட்டும் முன்பே அவர் போட்டியை விட்டு விலகிவிட்டார். இவ்வளவு இளம் வயதில் உச்சம் தொடும் விளையாட்டில் பிள்ளையின் ஆர்வத்தை எத்தனை ஆண்டு காக்க முடியும் என்பது அன்று எழுந்து இன்றும் தீராத கேள்வி.

1990களில் பெட்டாலிங் ஜெயாவின் உருவமே மாறியது. எஃபிங்காம் தோட்டத்தின் எஞ்சிய நிலம் பண்டார் உத்தாமா ஆனது. தோட்டத்தின் பெயர் அங்கே எஃபிங்காம் தமிழ்ப்பள்ளியின் பெயரில்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. சுற்றிலும் எழுந்த கொண்டோமினியங்கள் ஒவ்வொன்றும் குளத்தோடு வந்தன. நீச்சல் கற்பதற்கு இது பெரிய வாசல். பழைய கிளப் வேலியை அடுக்குமாடிதான் உண்மையில் உடைத்தது என்று சொன்னாலும் தகும். மாலையில் ஒரு பயிற்றுநர் வந்து நாலைந்து பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பது சாதாரணமானது. ஆனால் அந்தக் குளங்கள் குட்டையானவை, வளைந்தவை, ஆழமற்றவை. அங்கே பிள்ளை மிதப்பதையும் கைகால் ஒழுங்கையும் கற்கலாம். 50 மீட்டர் குளத்தில் நெடுந்தூரம் நீந்தும் வலுவையும், குதிமேடைத் தொடக்கத்தையும், சுவரை உதைத்துத் திரும்பும் வேகத்தையும் பெற முடியாது. கொண்டோவில் கற்று கிளப்பில் சேரும் பத்து வயதுப் பிள்ளை முதல் போட்டியில் கடைசியாக வருவதும், அந்த வீட்டில் அன்று ஒரு பெரிய முடிவு எடுக்க வேண்டியிருப்பதும் இங்கே பலமுறை நடந்தவை.

1998 செப்டம்பரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி கோலாலம்பூரில் நடந்தது. அதற்காகக் கட்டப்பட்ட புக்கிட் ஜாலில் தேசிய நீச்சல் மையம் பள்ளத்தாக்குக் கிளப்புகள் அனைத்துக்கும் கனவு மேடையானது. அதே ஆண்டு கிள்ளான் பள்ளத்தாக்கு கடும் குடிநீர்த் தட்டுப்பாட்டில் தவித்தது. எல் நினோ வறட்சியால் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு. வீட்டில் வாளிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, பிள்ளையை நீச்சலுக்கு அனுப்பிய ஆண்டாகப் பல குடும்பங்களுக்கு அது அமைந்தது.

அன்றாட ஏற்பாடுதான் இந்த வரலாற்றில் மிகக் குறைவாக எழுதப்பட்ட பகுதி, மிகக் கனமான பகுதியும் அதுவே. பள்ளி காலை ஏழரைக்குத் தொடங்குவதால் காலைப் பயிற்சி இருட்டோடு ஐந்து, ஐந்தரைக்கே தொடங்க வேண்டும். நகர்ப்புறப் பள்ளிகள் இட நெருக்கடியால் காலை, மாலை என இரு வேளையாக நடந்த ஆண்டுகளில் ஒரு வீட்டில் மூத்த பிள்ளைக்குக் காலைப் பள்ளி, இளையதுக்கு மாலைப் பள்ளி என்று பிரிந்தால் காரும் பெற்றோரும் நாள் முழுக்கச் சாலையிலேயே கிடந்தார்கள். காரின் பின்னிருக்கை உணவு மேசையாகவும் படிப்பறையாகவும் மாறியது. குளத்தை விட்டு ஏறியதும் பசி பொறுக்காது. மைலோ, முட்டை, வாழைப்பழம், நாசி லெமாக் பொட்டலம் எதுவாயினும் கையோடு இருக்க வேண்டும். மலேசிய மாலை நேரத்து இடியும் இவர்களின் எதிரி. மின்னல் கண்ட உடனே குளத்தைக் காலி செய்ய வேண்டும். அரை மணி, முக்கால் மணி கூரையடியில் காத்திருந்து, மழை விடாவிட்டால் ஒன்றும் செய்யாமலேயே வீடு திரும்ப வேண்டும். புகைமூட்டம் இன்னும் கொடியது. 1997இலும், போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்ட 2005 ஆகஸ்டிலும், பள்ளிகள் மூடப்பட்ட 2015இலும் திறந்தவெளிக் குளங்களில் மூச்சிழுத்துப் பயிற்சி செய்வது பிள்ளைகளின் நுரையீரலுக்குத் தீங்கு என்று நிறுத்த வேண்டியதாயிற்று.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை தேர்வு. பன்னிரண்டு வயது என்பது நீச்சலில் ஒரு பிரிவின் உச்சம். அதே வயதில் ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு வந்து நின்றது. 1988 முதல் 2021இல் கைவிடப்படும் வரை அந்தத் தேர்வு எத்தனை பிள்ளைகளைக் குளத்திலிருந்து எடுத்துச் சென்றது என்பதைக் கோச்சுகள் வருத்தத்தோடு சொல்வதுண்டு. ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். மீண்டும் ஒருமுறை குளத்தைக் காலியாக்கும். டியூஷனா, பயிற்சியா என்ற வாதத்தில் பல்கலைக்கழக நுழைவுக்குப் புறப்பாட நடவடிக்கைக்கு ஒதுக்கப்பட்ட பத்து விழுக்காடு புள்ளி மட்டும் நீச்சல் பக்கம் நின்று வாதாடியது. மாநில அளவுச் சான்றிதழ் ஒன்று வீட்டில் இருந்தால் தாத்தா பாட்டியும் சமாதானம் ஆவார்கள்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இவற்றோடு வேறு சில தயக்கங்களும் இருந்தன. வெயிலில் கிடந்து பிள்ளை கறுத்துவிடும், குளோரினில் முடி கெட்டுவிடும் என்ற பேச்சு பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை வெறும் பேச்சாக நிற்கவில்லை. பருவம் எய்தியதும் நீச்சலுடையும் பொதுக்குளமும் வேண்டாம் என்று நிறுத்தப்பட்ட திறமையான சிறுமிகள் இருக்கிறார்கள். அது ஓர் இழப்பு. நிறத்தைப் பற்றிய பழைய மனக்குறை ஒரு பிள்ளையின் திறமையைவிடப் பெரிதாக மதிக்கப்பட்டது என்பதை மென்மையாகச் சொல்லிக் கடந்துவிட முடியாது. படித்த தாய்மார் குளக்கரைக்கு வரத் தொடங்கிய பிறகே இந்த நிலை தளர்ந்தது.

பெற்றோரின் துணை எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நிற்கும் என்பதைக் கடல் கடந்த தமிழகத்து வரலாறும் காட்டுகிறது. குற்றாலீஸ்வரன் பன்னிரண்டு வயதில், 1994இல், ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு நீரிணைகளை ஒரே ஆண்டில் நீந்திக் கடந்தார். 1996இல் அர்ஜுனா விருதும் வந்தது. ஆனால் தொடர்ந்து செல்லப் பொருளுதவி கிடைக்காமல் இளம் வயதிலேயே படிப்பின் பக்கம் திரும்ப நேர்ந்தது. ஒரு வீட்டின் சக்தி ஓர் எல்லை வரைதான். நெய்வேலியின் கதை வேறு. முன்னாள் தடகள வீராங்கனையான ஷாந்திமோள் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே மகன் சஜன் பிரகாஷைத் தனியாளாக வளர்த்தார். நகரியத்துக் குளத்தில் தொடங்கிய அந்தப் பிள்ளை 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 வினாடியில் நீந்தி, ஒலிம்பிக்கின் ஏ தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்தியரானார். அங்கே குடும்பத்தோடு ஒரு நிறுவனத்தின் குளமும் துணை நின்றது. நடிகர் மாதவன் குடும்பம் 2021இல் மகன் வேதாந்தின் பயிற்சிக்காகத் துபாய்க்கே குடிபெயர்ந்தது. பெருந்தொற்றால் மும்பையின் பெரிய குளங்கள் மூடிக் கிடந்ததே காரணம். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்த மலேசிய அழைப்பு வயதுப் பிரிவுப் போட்டியில் வேதாந்த் ஐந்து தங்கம் வென்றபோது பள்ளத்தாக்குத் தமிழ் வீடுகளில் அந்தச் செய்தி பல நாள் பேசப்பட்டது. குடிபெயரும் வசதி எல்லா வீட்டுக்கும் இல்லை என்பதும் சேர்த்தே பேசப்பட்டது.

செலவு ஏறிய விதத்துக்கு நீச்சலுடை ஒரு சான்று. 2008, 2009 ஆண்டுகளில் பாலியூரித்தேன் உடைகள் உலகச் சாதனைகளைக் கொட்டித் தள்ளின. 2010 ஜனவரி முதல் நாளோடு அவை தடைசெய்யப்பட்டன. ஆனாலும் விலையுயர்ந்த பந்தய உடை என்ற எண்ணம் பிள்ளைகள் மட்டத்துக்கு இறங்கிவிட்டிருந்தது. சில முறை அணிந்தால் இறுக்கம் தளர்ந்துவிடும், வளரும் பிள்ளைக்கு அடுத்த ஆண்டு பொருந்தாது. அமெரிக்கா 2020 செப்டம்பர் முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு அத்தகைய உடைகளை விலக்கியது நல்ல முன்மாதிரி. கிள்ளான் பள்ளத்தாக்கில் மூத்த பெற்றோர் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் அறிவுரையும் அதுதான்: உடையில் போடும் பணத்தைப் போட்டிப் பயணத்துக்கு எடுத்து வையுங்கள்.

கோச்சுக்கும் பெற்றோருக்கும் இடையிலான எல்லையும் இந்த ஆண்டுகளில்தான் தெளிவுபட்டது. தொடக்க காலத்தில் தந்தை குளத்தின் விளிம்பிலேயே நடந்துகொண்டு கத்துவார். கோச் ஒன்று சொல்ல, அவர் வேறொன்று சொல்வார். பிள்ளை இரண்டுக்கும் நடுவில் திணறியது. பின்னர் கிளப்புகள் பெற்றோரைப் பார்வையாளர் இருக்கைக்கு மாற்றின. பயிற்சியைக் கோச் பார்க்க வேண்டும், தூக்கத்தையும் சாப்பாட்டையும் மனநிலையையும் வீடு பார்க்க வேண்டும் என்ற பங்கீடு உருவானது. அதே வேளையில் பெற்றோர் கண்ணில் படும் தூரத்தில் இருப்பது பாதுகாப்புக்கும் இன்றியமையாதது என்று உணரப்பட்டது. சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017இல் வந்த பிறகு உடைமாற்றும் அறை, தனிப்பயிற்சி, வெளியூர்ப் பயணத்தில் யார் யாரோடு தங்குவது ஆகியவற்றைக் கேள்வி கேட்பது அவநம்பிக்கை அல்ல, கடமை என்ற புரிதல் வலுத்தது.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எல்லாக் குளங்களும் மூடப்பட்டன. திறந்ததும் மீண்டும் மூடியதுமாக இரண்டு ஆண்டுகள் கழிந்தன. நீரில்லாமல் நீச்சல் வீரரை வைத்திருக்க வேண்டிய வேலை முழுவதும் வீட்டின்மேல் விழுந்தது. வரவேற்பறைத் தரையில் ரப்பர் பட்டையை இழுத்தார்கள், கணினித் திரையில் கோச் எண்ணிக்கை சொன்னார். குளங்கள் மீண்டும் திறந்தபோது பதினைந்து, பதினாறு வயதினர் பலர் திரும்பி வரவில்லை. சிறிய பிரிவுகளோ முன்னைவிட நிரம்பின. நீச்சல் தெரியாமல் பிள்ளை வளரக்கூடாது என்று வீட்டுக்குள் அடைபட்ட காலத்தில் முடிவெடுத்த பெற்றோரின் பிள்ளைகள் அங்கே சேர்ந்தார்கள். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகள், ஈயக்குட்டையை அஞ்சிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள், கணிசமாக இருக்கிறார்கள். அந்தப் பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோர் எஸ்.பி.எம். முடிந்ததும் போட்டியை விட்டுவிடுவார்கள்; ஒரு சிலர் வெளிநாட்டுப் பல்கலைக்கழக அணிகளுக்குச் செல்வார்கள்; இன்னும் சிலர் உயிர்காப்பாளராகவும் பயிற்றுநராகவும் அதே நகராட்சிக் குளங்களுக்குத் திரும்பி, கொண்டோ வகுப்பிலிருந்து வரும் அடுத்த பத்து வயதுப் பிள்ளைக்குக் குதிமேடையில் நிற்கக் கற்றுக்கொடுப்பார்கள்.